ப்ரீடன் ஆன் த ஹில்: ஒரு பெயருக்குள் மூன்று மலை

கேள்வி இதுதான். இங்கிலாந்தில் ப்ரீடன் ஆன் த ஹில் என்றொரு கிராமம் இருக்கிறது, அந்தப் பெயரில் மலை என்ற சொல் மூன்று மொழியில் மூன்று முறை வருகிறது என்கிறார்களே, அது நிஜமா, யாரோ கட்டிவிட்டதா? 'ப்ரீட்' என்றால் கால்நடை வளர்ப்பதுதானே, அந்த வழியில் வந்த பெயராக ஏன் இருக்கக் கூடாது?

மூன்று மலை என்பது நிஜம். மூன்று மொழி என்பதுதான் கொஞ்சம் பிசகு, மொழி இரண்டுதான். முதல் மலை கெல்டிக், அடுத்த இரண்டுமே ஆங்கிலம்: ஒன்று பழைய ஆங்கிலத்தில் மலைக்கு வழங்கிய, இப்போது அந்தப் பொருளில் யாரும் சொல்லாத சொல், இன்னொன்று இன்றைக்கும் எல்லோர் வாயிலும் இருக்கும் ஹில். கால்நடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஏன் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊர்ப் பெயர் ஆராய்ச்சியில் முக்கால்வாசித் தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது.

இப்போதைய எழுத்துக்கூட்டலைப் பார்த்தால் கண் தானாகவே 'ப்ரீட்' என்று ஒரு துண்டு, 'ஆன்' என்று ஒரு துண்டு என வெட்டுகிறது. ஆனால் இந்தப் பெயரின் பழைய வடிவம் நம் கையில் இருக்கிறது. பீட் என்ற துறவி 731-இல் முடித்த ஆங்கிலேயத் திருச்சபை வரலாற்றில், அந்த வருடம் கேன்டர்பரிக்குப் புதிய பேராயராக வந்த டாட்வின் என்பவரைப் பற்றி எழுதும்போது, அவர் மெர்சியா நாட்டில் 'ப்ரியுடூன்' என்று அழைக்கப்படும் மடத்தில் குருவாக இருந்தவர் என்கிறார். ப்ரியு, டூன். அந்த 'ட' பின்பாதிக்குச் சொந்தம். வெட்ட வேண்டிய இடம் அதற்கு முன்னால். ஓர் எழுத்து இந்தப் பக்கம் போவதா அந்தப் பக்கம் போவதா என்பதில் ஊரின் கதையே மாறிவிடுகிறது பாருங்கள்.

(உஸ்டர்ஷயரில் ப்ரெடன் என்று இன்னொரு ஊர் உண்டு, அங்கேயும் பழைய மடம் ஒன்று இருந்தது, பெயரின் பிறப்பும் அதே. அதனால் பீட் சொன்னது எந்த ஊர் என்ற கேள்வி வரும். லெஸ்டர்ஷயரில் இருக்கும் நம் ப்ரீடனைத்தான் என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட முடிவு.)

சரி, இப்போது முதல் துண்டு. ஆங்கிலேயர்கள் ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து வடகடல் தாண்டி வந்து குடியேறுவதற்கு முன்னால், அந்தத் தீவின் பெரும்பகுதியில் பேசப்பட்டது பிரிட்டானிக் என்ற கெல்டிக் மொழி. இன்றைய வெல்ஷ், கார்னிஷ், பிரெத்தோன் மூன்றுக்கும் அதுதான் தாய். அதில் மலைக்கு 'ப்ரிகா' என்பது போல ஒரு சொல் இருந்தது. நடுவிலிருந்த 'க' வாயில் தேய்ந்து தேய்ந்து போய், வெல்ஷ் மொழியில் 'ப்ரெ' என்று நிற்கிறது. வேல்ஸில் ஆங்கில்சி தீவில் மொயில்வ்ரெ என்று ஒரு கடலோர ஊர் இருக்கிறது. மொயில் என்றால் மொட்டை, ப்ரெ என்றால் மலை, மொட்டைமலை. சொற்கள் சேரும்போது 'ப' அங்கே 'வ' ஆகிவிட்டது, புணர்ச்சி விதி படித்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கார்ன்வாலில் ரெட்ருத் ஊருக்குப் பக்கத்தில் கார்ன் ப்ரே என்று ஒரு குன்று, அதிலும் இருப்பது இதே சொல்.

இந்த ப்ரெ இன்னும் பின்னால் போகும். மொழியியலார் மீட்டெடுத்திருக்கும் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் 'உயர்ந்த' என்ற பொருளில் ஒரு வேர் இருக்கிறது, அதன் ஒரு கிளைதான் இந்த கெல்டிக் சொல். ஜெர்மன் மொழியில் மலையைக் குறிக்கும் பெர்க் இன்னொரு கிளை, பனிப்பாறைக்குச் சொல்லும் ஐஸ்பெர்க்கில் இருப்பது அதே பெர்க்தான். மூன்றாவது கிளை சமஸ்கிருத 'ப்ருஹத்'. தஞ்சைப் பெரிய கோயில் இறைவனுக்கு வழங்கும் பிருகதீஸ்வரர் என்ற பெயரின் முதல் பாதிக்கும் லெஸ்டர்ஷயர்க் கிராமத்தின் முதல் அசைக்கும் வேர் ஒன்றுதான். இது வெறும் ஒலி ஒற்றுமையை வைத்துச் சொல்வதல்ல, எழுத்துக்கு எழுத்து ஒலிமாற்ற விதிப்படி வருவது. இதைப் படித்ததும் நம் ஆட்கள் சிலர் உடனே 'பெரு' என்ற தமிழ்ச் சொல்லையும் கொண்டுவந்து இதோடு முடிச்சுப் போடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். பெரு, பெரிய என்பவை திராவிட வேர், அதற்குத் தனிக் குடும்பம் இருக்கிறது. காதுக்கு ஒன்றுபோல் கேட்பது ஆதாரம் ஆகாது என்பதை விடாமல் பிடித்துக்கொண்டால்தான் இந்தத் துறையில் உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும்.

அடுத்து டூன். பழைய ஆங்கிலத்தில் மலை, குன்று. தென் இங்கிலாந்தில் சவுத் டவுன்ஸ் என்ற சுண்ணக்குன்று வரிசை இருக்கிறதே, அந்த டவுன் இதுதான். அங்கே மலைக்கே டவுன் என்கிறார்கள், 'கீழே' என்பதற்கும் டவுன் என்கிறார்கள், இது என்ன குழப்பம் என்று எனக்கு ரொம்ப நாள் இருந்தது. விடை அழகானது. 'ஆஃப் டூனெ' என்று பழைய ஆங்கிலத்தில் சொல்வார்கள், 'மலையிலிருந்து' என்று பொருள். மலையிலிருந்து வந்தால் கீழேதானே வரவேண்டும்? முன்னால் இருந்த ஆஃப் காலப்போக்கில் உதிர்ந்து, மிச்சம் நின்ற மலை என்ற சொல்லே 'கீழே' என்ற பொருளை எடுத்துக்கொண்டது. இன்று லிஃப்டில் கீழ்நோக்கிய பொத்தானை அழுத்தும் ஒவ்வொருவரும் மலையைத்தான் சொல்கிறார்கள்.

டூன் என்று சும்மா எந்த மேட்டையும் சொல்லிவிட மாட்டார்கள். இங்கிலாந்தின் இடப்பெயர்களை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த மார்கரெட் கெல்லிங் இதைத் தெளிவாகக் காட்டினார். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் பழைய ஆங்கிலத்தில் மலைக்கு இத்தனை சொல் இருக்கிறதே, எல்லாம் ஒன்றுதான் என்று அகராதியில் 'மலை, மலை' என்று எழுதிவிட்டுப் போனார்கள். கெல்லிங் நிலத்தைப் போய்ப் பார்த்தார். குதிகால் போல ஒரு பக்கம் துருத்தி நிற்கும் மேடு என்றால் 'ஹோ', உருண்டை மேடு அல்லது புதைமேடு என்றால் 'பெயோர்க்', நீண்ட முதுகு போல ஓடினால் 'ஹ்ரிஜ்'. உச்சி தட்டையாக, மேலே ஜனங்கள் குடியிருக்க இடம் உள்ள மலை என்றால் டூன். ஆங்கிலேய உழவர் நிலத்தை நுணுக்கமாகப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார். நம் சங்க இலக்கியத்தில் பூவுக்கு ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு பெயர் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ரீடனுக்குப் போனால் இது எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்திலிருந்து கொஞ்சதூரம், ஆஷ்பி டி லா ஸூச் என்ற ஊருக்கு வடகிழக்கே ஐந்து மைல் அளவு, டெர்பிஷயர் எல்லையை ஒட்டி இருக்கிறது. சுற்றிலும் அவ்வளவு உயரமில்லாத வயல்கள், நடுவில் திடீரென்று எழுந்து நிற்கும் ஒற்றைச் சுண்ணாம்புக்கல் மலை. உயரம் பெரிதில்லை, கடல் மட்டத்திலிருந்து சுமார் 120 மீட்டர்தான், ஆனால் பக்கத்தில் போட்டிக்கு ஒன்றும் இல்லாததால் தூரத்திலிருந்தே கண்ணில் விழும். உச்சியில் இரும்புக்காலக் கோட்டை ஒன்றின் மண்கரைகள் இருக்கின்றன, புல்வர்க்ஸ் என்கிறார்கள். அந்தக் கோட்டைக்கு உள்ளே ஏழாம் நூற்றாண்டில் வந்த மடம். மடம் இருந்த இடத்தில் இன்று புனித மேரி, புனித ஹார்டுல்ஃப் இருவர் பெயரில் தேவாலயம். ஆக இரும்புக்காலத்திலிருந்து மேலே மனிதர் புழங்கிக்கொண்டே இருக்கும் தட்டை உச்சி. கெல்லிங் சொன்ன டூனுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேடிப் போக வேண்டாம்.

சரி, ப்ரெ என்றாலே மலை, அதற்கு மேல் டூன் எதற்கு? இதற்கு எல்லோரும் சொல்லும் விளக்கம், புதிதாக வந்த ஆங்கிலேயர் மலையைக் காட்டி "அது என்ன?" என்று கேட்டார், உள்ளூர்க்காரர் "ப்ரெ" என்றார், வந்தவர் அதைப் பெயர் என்று நினைத்துக்கொண்டார் என்பது. எனக்கு அது முழுசாகச் சரியாகப் படவில்லை, ஏதோ ஒருநாள் சந்தித்துப் பிரிந்த மாதிரி இருக்கிறது. எந்தக் கிராமத்திலும் ஒரே ஒரு குளம் இருந்தால் அதற்கு ஊர்க்காரர்கள் பெயர் சொல்வதில்லை, குளத்துக்குப் போய்வருகிறேன் என்பார்கள், அவ்வளவுதான். அதுபோல அந்தச் சுற்றுவட்டாரத்தில் நிமிர்ந்து நிற்பது இந்த ஒரு மலைதான் என்பதால் பிரிட்டானியர் வெறுமனே 'ப்ரெ' என்றே சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள், பெயரும் அதுதான், பொதுச்சொல்லும் அதுதான். பக்கத்திலேயே குடியேறி அவர்களோடு புழங்கிய ஆங்கிலேயர் காதில் அது திரும்பத் திரும்ப விழுந்து பெயராகவே நிலைத்துவிட்டது. பிறகு 'ப்ரெ என்கிற டூன்' என்று தங்கள் சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள்.

நாம் 'நடு சென்டர்' என்று சொல்கிறோமே, அது வேறு. அங்கே சொல்பவருக்கு இரண்டு சொல்லும் தெரியும், அழுத்தத்துக்காகச் சேர்த்துச் சொல்கிறார். ப்ரீடனில் டூன் சேர்த்தவருக்கு ப்ரெயின் பொருள் தெரியாது.

எனக்கு இந்தப் பெயரில் மிகவும் முக்கியமாகப் படுவது அந்தப் புழக்கம்தான். ஆங்கிலேயர் வந்தார்கள், பழைய பிரிட்டானியரைத் துடைத்தெறிந்தார்கள், மிச்சம் பேர் வேல்ஸுக்கு ஓடினார்கள் என்று ரொம்பக் காலம் பாடம் நடத்தினார்கள். துடைத்தெறிந்த இடத்தில் மலையின் பெயரைச் சொல்லிக் கொடுக்க யார் இருந்திருப்பார்கள்? ஒரு பெயர் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போக வேண்டுமானால் இரண்டு பேரும் உயிரோடு, பேசும் தூரத்தில் இருந்திருக்க வேண்டும். அந்த உறவு சமமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. வந்தவர்கள் இருந்தவர்களை 'வால்ஹ்' என்றார்கள், அந்நியர் என்று பொருள், பின்னாளில் அடிமை என்றும் ஆயிற்று. வேல்ஸ், வெல்ஷ் என்ற பெயர்களே அதிலிருந்து வந்தவை. சொந்த மண்ணில் இருந்தவர்களுக்கு அந்நியர் என்று பெயர்! ஆனாலும் அவர்களுடைய சொல் மலையை விட்டுப் போகவில்லை.

ப்ரீடன் இதில் தனியும் இல்லை. பக்கிங்ஹம்ஷயரில் ப்ரில் என்று மலைமேல் ஒரு ஊர், ப்ரெ-யோடு ஹில் சேர்ந்து நசுங்கி ஒரே அசையாகிவிட்டது. அதே மாவட்டத்தில் செட்வுட்: முதல் பாதி பிரிட்டானிக்கில் காடு, வெல்ஷில் இன்று 'கோய்ட்' என்பார்கள், பின்பாதி ஆங்கிலத்தில் காடு. லங்காஷயரின் பெண்டில் ஹில்: பெ(ன்) என்பது கெல்டிக், தலை, உச்சி. அதோடு ஹில் ஒட்டிப் பென்ஹுல் ஆகி, பெண்டில் ஆகி, உள்ளே இருக்கும் ஹில் யாருக்கும் கேட்காமல் போனதால் வெளியே இன்னொரு ஹில் வந்தது. நதிகளில் கேட்கவே வேண்டாம், ஏவன் என்ற பெயரில் பல ஆறுகள் ஓடுகின்றன, வெல்ஷில் அவொன் என்றால் ஆறு.

இந்தப் பட்டியலில் டார்பென்ஹோ ஹில் என்று ஒன்று கண்டிப்பாக வரும், நான்கு மலை என்று. அதை நம்ப வேண்டாம். கம்ப்ரியாவில் டார்பென்ஹோ என்ற கிராமம் இருக்கிறது, உள்ளூர்க்காரர்கள் 'ட்ரெபென்னா' என்று சொல்வார்கள். பழைய சொற்கள் அடுக்கிய பெயர்தான், ஆனால் பென் என்பது உச்சி, ஹோ என்பது துருத்தி நிற்கும் மேடு என்று ஒவ்வொன்றும் வேறுவேறு பகுதியைச் சொல்கிறது, அது ஒரே சொல்லை நான்கு தடவை சொல்வது ஆகாது. டார்பென்ஹோ ஹில் என்று தனியாக ஒரு மலை வரைபடத்திலும் இல்லை. ப்ரீடன் அப்படியில்லை, மலை கண்முன் நிற்கிறது, பெயருக்கு 731-லேயே எழுத்துச் சான்று இருக்கிறது.

மூன்றாவது மலைக்கு வருவோம். ப்ரெ எப்படிப் பொருள் இழந்ததோ அதே கதிதான் டூனுக்கும். பெயரின் கடைசியில் அழுத்தமில்லாமல் நின்று நின்று 'டன்' என்று சுருங்கிவிட்டது, தனிச்சொல்லாகவும் மலை என்ற பொருளில் அது பேச்சிலிருந்து பெரும்பாலும் நழுவி, ஹில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ப்ரீடன் என்று சொல்பவர் காதில் மலை என்பது கேட்கவே இல்லை. எனவே, மலைமேல் இருக்கிறது என்று புரியும் சொல்லில் இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று. இதில் ஒரு விஷயம், நேரில் போனவர்களுக்குத்தான் தெரியும்: கிராமத்து வீடுகளும் கடைகளும் இருப்பது மலையடிவாரத்தில். மலைமேல் இருப்பது தேவாலயமும் கல்லறைகளும்தான்.

அந்த வட்டாரமே இப்படி அடுக்கடுக்காகப் பெயர் கொண்டது. ரெப்டன் பக்கத்தில்தான், மெர்சிய அரசர்களைப் புதைத்த இடம், 873 குளிர்காலத்தில் வைக்கிங் படை முகாம் போட்ட ஊர். அதிலும் கடைசியில் நிற்பது நம் டூன்தான், ஹ்ரைப் என்ற குலத்தாரின் மலை. அந்த வைக்கிங்குகளுக்குப் பிறகு டேனியர் குடியேற்றம் வந்தது, ஊருக்கு 'பி' என்றார்கள், ஆஷ்பி, டெர்பி எல்லாம் அப்படி. டெர்பிக்கு அதற்கு முன் நார்த்வொர்தி என்று ஆங்கிலப் பெயரே இருந்தது, மாறிவிட்டது. இங்கிள்பி என்று ஒரு ஊர், 'ஆங்கிலேயர் ஊர்' என்று பொருள். இங்கிலாந்துக்கு நட்டநடுவில் ஓர் ஊருக்கு ஆங்கிலேயர் ஊர் என்று பெயர் வைக்கத் தோன்ற வேண்டுமானால் சுற்றிலும் யார் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு நார்மன்கள் வந்தார்கள், ஆஷ்பியின் வாலில் தொங்கும் டி லா ஸூச் அப்படி வந்த ஒரு குடும்பத்தின் பெயர். மெல்பர்ன் பக்கத்து ஊர், மில் ஓடை என்று பொருள், அதைப் பட்டப்பெயராகக் கொண்ட பிரதமர் வழியாகத்தான் ஆஸ்திரேலிய நகரத்துக்குப் பெயர் போயிற்று. டெர்பிஷயரில் ஓடும் டவ் ஆற்றைப் புறா என்று நினைத்துப் பூரிப்பவர்கள் உண்டு, அது கெல்டிக்கில் கறுப்பு, வெல்ஷில் இன்றும் கறுப்புக்கு 'டீ' என்றுதான் சொல்வார்கள். நாட்டிங்ஹம் முன்னால் ஸ்நாட்டிங்ஹம், ஸ்நாட் என்பவனின் கூட்டத்தார் ஊர், நார்மன்கள் வாயில் முதல் எழுத்து உதிர்ந்தது. எல்லாவற்றிலும் வேலை ஒன்றுதான்: இன்றைய எழுத்தை மூடிவைத்துவிட்டு, கிடைக்கும் பழைய வடிவத்தை எடுத்து, நிலத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது.

டாட்வினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் இலக்கண ஆசிரியர். லத்தீனுக்கு ஓர் இலக்கணம் எழுதியிருக்கிறார், கூடவே நாற்பது விடுகதைப் பாட்டுகளும். ஒன்றில் இறகு பேசுகிறது: முன்பு வானத்தில் வேகமாகப் பறந்தேன், என் இயல்பை எதிரி பறித்துவிட்டான், இப்போது மூவர் என்னைக் கட்டிப்போட, தரையில் கப்பம் கட்டிக்கொண்டிருக்கிறேன். விடை பேனா. மூவர் என்பது அதைப் பிடிக்கும் மூன்று விரல். சொல்லைப் பிரித்துப் பிரித்துப் பார்த்த அந்த மனிதர், தன் மடத்தின் பெயருக்குள் இன்னொரு ஜனத்தின் சொல் இருப்பதை உணர்ந்திருப்பாரா என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

தேவாலயத்துக்குள் போனால் அந்த மடத்தின் கற்கள் சுவரில் பதித்து இருக்கின்றன. ஒரு சாண் உயரத்துக்குள் நீளநீளப் பட்டைகளாகக் கொடி, பறவை, சண்டைபோடும் மிருகங்கள், எல்லாம் ஆங்கிலோ-சாக்சன் காலச் செதுக்கல். சுவரோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தால் பறவையின் அலகு கொடியைக் கவ்வியிருப்பது வரை தெரியும். வெளியே வந்து கிழக்குப் பக்கம் போனால் மலை அப்படியே வெட்டுப்பட்டு நிற்கும், கீழே கல்குவாரி. கோட்டைக் கரையின் கிழக்குப் பகுதி குவாரியோடு போய்விட்டது. அங்கே எடுக்கும் பொன்னிறச் சரளைக்கு ப்ரீடன் கிராவல் என்று பெயர், பூங்கா நடைபாதைகளில் கொட்டி இறுக்குவார்கள். பிரிட்டனில் தோட்ட வேலை செய்பவர்களிடம் ப்ரீடன் என்று சொன்னால் முதலில் இந்தச் சரளைதான் நினைவுக்கு வரும், சிலருக்கு அது ஓர் ஊர் என்பதே தெரியாது.